பாட்டுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை செய்யிற பிள்ளைகளை உற்சாகப்படுத்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையை 'குதூகல நாள்' ஆக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பலூன் கட்டினோம், சங்கீதக் கதிரை வைத்தோம், பரிசும் குடுத்தோம். எல்லாரும் பஸ் எப்ப வரும் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எல்லாம் ஒழுங்கு. கட்டுப்பாட்டிலும் குறையில்லை: வேலை நேரத்தில் கதைக்க விடுவதில்லை, போன கிழமை பாடிக்கொண்டு தைத்த பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதமும் குடுத்தோம். வேறு என்ன விளையாட்டு வைக்கலாம்?

அன்புள்ள தம்பி,

ஈபிஎஃப்புக்கு முதலாளி 12 வீதம் போடுவது சட்டம். அதைப் பெருமையாக எழுதாதீர்கள். பலூனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பாடின பிள்ளைக்குக் கடிதமா? அந்த வரியில் நின்றுவிட்டேன், அதற்கு மேலே வாசிக்க மனம் வரவில்லை.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். வட்டக்கச்சிப் பக்கம் பெரும்போக நெல் அருவி வெட்டுக்கு மாமியோடு போனேன். சுணை பட்டுக் கை முழுக்கக் கடி. தாக்கத்தி பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் போட்டு, உடைந்து, அதற்கு மேலேயே பிடித்து வெட்டினேன். அழுகை வந்தது. மாமி நிமிராமலே பாட்டெடுத்தா. கமக்காரர் தந்த தேத்தண்ணியில் சீனி காணாது என்று அந்த இடத்திலேயே கட்டின பாட்டு. ஒரு நிரை பாட, மற்ற நிரை எடுத்துக் குடுத்தது. வரம்பில் நின்ற கமக்காரருக்குக் கேட்டது. அடுத்த நாள் பனங்கட்டியோடு வந்தார். பின்னேரம் திரும்பிப் பார்த்தால் பின்னால் வெட்டின கதிர் உப்பட்டி உப்பட்டியாகக் கிடந்தது. அவ்வளவும் நாங்கள்தான் வெட்டினோமா என்று நம்ப முடியவில்லை.

பாடினால் கை நிற்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1927இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில், ஹோதோர்ன் தொழிற்சாலையில், தொலைபேசி ரிலே என்ற சின்ன மின் ஆளிகளைப் பூட்டும் சில பெண்களைத் தனி அறையில் இருத்திப் பார்த்தார்கள். இடைவேளை குடுத்தார்கள், மாற்றங்களுக்கு முன் அவர்களைக் கேட்டார்கள், கதைக்க விட்டார்கள். வேலை கூடினது. சம்பளக் கணக்கு மாறினதுதான் காரணம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. வாதாடட்டும். கதைத்ததால் வேலை படுத்துப்போகவில்லை.

நானும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு அலுவலகத்தில் இருந்தவள்தான். இரண்டு மாதச் சம்பளம் வராத நேரம் எங்களைச் சாக்குக்குள் இறக்கி ஓட விட்டார்கள். விழுந்து எழும்பும்போது எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டல் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஏன் மணிக்கூட்டைப் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது, தம்பி.

விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையைத் தாயிடம் விட்டு, ஏ9 வீதியில் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்குப் பக்கத்து மெசின்காரியிடம் சொல்ல ஆயிரம் கதை இருக்கும். கிழமை முழுக்க அவள் வாயைப் பூட்டிவிட்டு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிரி என்றால் எங்கேயிருந்து சிரிப்பாள்? நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் கண்டறியாத வேலை பார்த்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்குங்கள். அவளின் கோப்பிலிருந்தும் எடுங்கள். அவள் என்ன பாட்டுப் பாடினாள் என்று நீங்கள் எழுதவேயில்லை. கேட்டு எழுதுங்கோ.

அன்புடன்,
அக்கா