கையால் மறு எண்ணிக்கை: ஃபுளோரிடாவில் எவ்வளவு இடமுண்டு?

உங்கள் தோழி பள்ளிக் குழுத் தேர்தலில் பதிவான 18,400 வாக்குகளில் வென்றவரைவிட 74 குறைவாகப் பெற்றதாகவும், எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணச் சொல்லி மனு கொடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஃபுளோரிடா சட்டத்தில் அப்படி ஒரு மனுவுக்கே இடமில்லை. வித்தியாசம் 0.5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் இயந்திர மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும். உங்கள் கணக்கில் அந்த வரம்பு 92 வாக்கு; 74 அதற்குள் அடங்கும், ஆகவே நடக்கும்.

அதன் முடிவில் வித்தியாசம் 0.25 சதவீதத்துக்குள், அதாவது 46 வாக்குக்குள், இறங்கினால்தான் கைகள் சீட்டைத் தொடும். அப்போதும் எல்லாச் சீட்டும் அல்ல. இயந்திரம் குறி எதுவும் காணாதவையும், அளவுக்கு மீறிக் குறியிட்டவையும் மட்டுமே. எனக்கு இது கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. 2018-இல் ஸ்காட், நெல்சன் மோதிய செனட் போட்டி கை எண்ணிக்கை வரை போனது. அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தல், வித்தியாசம் சுமார் 0.4 சதவீதம் என்பதால், இயந்திரத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு நீதிமன்றம்தான். முடிவு சான்றளிக்கப்பட்ட பின் பத்தே நாள் அவகாசம். வழக்கறிஞரை இப்போதே பாருங்கள்.