டிங்கா வளையலைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: ஐ.நா. அமைதிப்படையில் இருந்த என் கணவர் தெற்கு சூடானிலிருந்து, அங்குள்ள டிங்கா இன மக்களின் வளையல்கள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று வெள்ளையாக இருக்கிறது. 150 வருடப் பழைய வெள்ளி என்று சொல்லித்தான் விற்றார்களாம். இன்னொன்று பித்தளை, பச்சை பிடிக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? இணையத்தில் பழக்கமான ஒரு கலைப்பொருள் தரகர், இரண்டுமே பழைய இரும்புக்கடைச் சரக்குதான், 8,000 ரூபாய் கொடுத்தால் அசல் என்று சான்றிதழ் வாங்கி வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா? – வாசகி, வேலூர்

பதில்: புளி வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். குத்துவிளக்கு பளபளக்க வேண்டிய பொருள், இது அப்படியில்லை. புளிப்பு பட்டால் களிம்போடு பித்தளையின் மேல்தோலும் போகும். துத்தநாகம் கரைந்து அங்கங்கே செம்புச் சிவப்பாகத் திட்டு விழும். வளையலின் உள்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தியல் பட்ட சிறு பள்ளங்களும் அரம் இழுத்த கோடுகளும் தெரிந்தால் அவைதான் அதன் கையெழுத்து. அவை தேய்ந்தால் திரும்ப வராது. மென்மையான பல்துலக்கியால் உலர்வாகத் தட்டிவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். போதும். பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் வியர்வை உப்பு. கழற்றியதும் துடைத்துவையுங்கள். இரண்டு வளையலையும் ஒரே பையில் போடாதீர்கள். ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் வெள்ளை வளையல் அரித்துப்போகும்.

அந்த வெள்ளை வளையலைக் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் அலுமினியம். அதே அளவு வெள்ளி ஏறக்குறைய நாலு மடங்கு கனக்கும். அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையே 1886-இல்தான் வந்தது. நைல் கரை மாட்டுப்பட்டிக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. 150 வருடக் கதையை அதோடு விட்டுவிடலாம்.

அதனால் வளையல் போலி என்று நினைத்துவிடாதீர்கள். டிங்காக்கள் மாடு மேய்ப்பவர்கள். அவர்களுக்கு உலோகம் அதிகமும் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. இரும்பு பெரும்பாலும் அண்டையில் இருந்த பொங்கோ, ஜூர் இனக் கொல்லர்களிடமிருந்து வந்தது. 1870 வாக்கில் அங்கே போன ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்வைன்ஃபுர்த், வசதியான வீட்டுப் பெண்கள் சுமக்கும் இரும்பு வளையங்களின் எடையைக் கண்டு மலைத்துப்போய் எழுதியிருக்கிறார். அப்புறம் வியாபாரிகளின் செம்புக்கம்பி, பித்தளை. அதற்குப் பின் ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரம், உள்நாட்டுப் போர் கொட்டிவிட்டுப்போன தோட்டா உறை. கிடைத்ததை அடித்து நகையாக்குவதே அங்கத்து மரபு. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் தெற்கு சூடான் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

சரி, தரகருக்கு வருவோம். பழைய இரும்பு என்று மட்டம் தட்டுவதும் அவரே, சான்றிதழ் விற்பதும் அவரே! அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். டிங்கா நகைக்கு அசல் முத்திரை குத்த நம் நாட்டில் எந்த அலுவலகமும் கிடையாது. நம் தொல்லியல் துறை ஏற்றுமதிக்காகக் கொடுப்பது ‘இது தொல்பொருள் அல்ல’ என்கிற சான்று, அதாவது நேர் எதிரானது. தரகர்கள் பிழைப்பதற்கு நம் அருங்காட்சியகங்களும் ஒரு காரணம். ஒரு பொருளைக் கொண்டுபோய் ‘இது என்ன?’ என்று கேட்கச் சாதாரண மக்களுக்கு ஒரு மேசை கிடையாது. கடிதம் போட்டால் ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வரும், அதோடு சரி. அந்த 8,000 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று உங்கள் கணவர் கைப்பட எழுதி, ரசீதும் புகைப்படமும் இருந்தால் சேர்த்துவையுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் அதைத்தான் கேட்பார். உள்ளூரிலேயே ‘ஆப்பிரிக்கப் பழமை’ என்று அமிலத்தில் கறுக்கவைத்து விற்பவர்களும் உண்டு. கருப்பு சீராகப் பூசினாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். உருக்கியோ தட்டி நீட்டியோ செய்த பித்தளை வளையலால் தொல்லை இல்லை. ஆனால் தோட்டா உறை உருக்குலையாமல் பதக்கமாகவோ மணியாகவோ தொங்கினால் கதை வேறு. அடிப்பாகத்தில் வட்டமாக எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும், நடுவே தோட்டாவைப் பற்றவைக்கும் சின்ன மூடி இருக்கும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாவாகத்தான் பார்க்கிறது. அந்த மூடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் அது வெடிக்காத மூடி, ஆபத்து. நகைக்கடைக்காரரிடம் கொடுத்துச் சூடு காட்டச் சொல்லாதீர்கள். பள்ளம் இருந்தாலும் விமான நிலையத்தில் சோதிப்பவரிடம் ‘இது நகை’ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக வழக்குப் பதிவாகி, உயர் நீதிமன்றம் வரை போய் ரத்தான சம்பவங்கள் உண்டு. அப்படி ஒரு துண்டு உங்கள் வளையலில் தொங்கினால், பயணத்தின்போது அணியவும் வேண்டாம், கைப்பையில் வைக்கவும் வேண்டாம், பெட்டியில் போட்டு ஏற்றவும் வேண்டாம்.