க்வார்ட்டர்பேக் சொதப்பினாரா, கோச் சொதப்பினாரா? – விளையாட்டு கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் க்வார்ட்டர்பேக் (பாஸ் எறியும் ஆட்டக்காரர்) பெயருக்கு நேரே ‘ரேட்டிங்’ என்று ஓர் எண் போடுகிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நம்பலாமா?

பதில்: பாஸில் கிடைத்த யார்டுகளை 8.4ஆல் பெருக்குங்கள். டச்டவுன் பாஸ், அதாவது எதிரணியின் கோல் கோட்டுக்குள் சேர்த்த பாஸ், ஒவ்வொன்றுக்கும் 330, பிடிபட்ட பாஸ் ஒவ்வொன்றுக்கும் 100 கூட்டுங்கள். இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த பாஸ், ஒவ்வொன்றுக்கும் 200 கழியுங்கள். வருவதை எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ரேட்டிங். 2019இல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக) அணியின் க்வார்ட்டர்பேக் ஜோ பரோ எறிந்தது 527, பிடிபட்டது 402; 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். போட்டுப் பாருங்கள், 202 வரும். (தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ரேட்டிங்குக்கு வேறு கணக்கு, அதன் உச்சமே 158.3தான். இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.)

பாதிதான் நம்பலாம். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’. இப்போது மூன்றாவது டவுன், இன்னும் 8 யார்டு வேண்டும். 4 யார்டுக்கு ஒரு பாஸ் போட்டு, அங்கேயே ரிசீவரை (பாஸ் பிடிப்பவரை) மடக்கிவிடுகிறார்கள். அடுத்து பன்ட் அடித்து, அதாவது பந்தைத் தூர உதைத்து, எதிரணிக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு பாஸுக்கு ரேட்டிங் தரும் மதிப்பு 133.6! 2018 சீசன் முழுக்க ஆடி பரோ வாங்கிய ரேட்டிங்கே 133.2தான். உருப்படாத பாஸுக்கும் தாராளமாக மார்க் போடும் கணக்கு இது.

கேள்வி: தோற்றால் உடனே “கோச் கூப்பிட்ட ப்ளே (ஒவ்வொரு டவுனுக்கும் சொல்லும் ஆட்டத் திட்டம்) மோசம்” என்கிறார்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் ஒவ்வொரு ப்ளேயும் தேறியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் டவுனில் தேவையான யார்டில் 50 சதவீதம், இரண்டாவதில் 70, மூன்றிலும் நான்கிலும் முழுசும் கிடைத்தால் தேறியது. முதல் டவுனிலேயே திரும்பத் திரும்ப 1, 2 யார்டுதான் வருகிறது, அப்படியும் அதே ஓட்டத்தை (பந்தைக் கையில் வைத்து ஓடும் ப்ளேயை) கூப்பிடுகிறார் என்றால் கோச்சைக் கேளுங்கள். மூன்றாவது டவுனில் எப்போதும் 9, 10 யார்டு பாக்கி வைத்தால் எந்தப் பையனும் திணறத்தான் செய்வான்.

தேறாத பாஸுக்கு ரீப்ளே பாருங்கள். நேரலை கேமராவில் தூரத்து ரிசீவர்கள் தெரிவதில்லை. ஒருவர் தனியாக நிற்கிறார், பந்து வேறு பக்கம் போனது என்றால் தப்பு பெரும்பாலும் க்வார்ட்டர்பேக்குடையது. யாருமே காலியாக இல்லை, இது ஆட்டம் முழுக்க நடக்கிறது என்றால் திட்டத்தில் கோளாறு. கைக்கு வந்ததை ரிசீவர் நழுவவிட்டால் இருவர் கணக்கிலும் எழுதாதீர்கள்.

பலர் ஏமாறும் இடம் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்). ஒரே ப்ளேயில் ஓட்டமும் பாஸும் இருக்கும். எதிரணித் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் முன்னே வந்தால் பாஸ், பின்வாங்கினால் ஓட்டம். அந்த முடிவை எடுப்பது க்வார்ட்டர்பேக். “ஏன் ஓட்டத்தைக் கூப்பிட்டார்?” என்று கோச்சைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

திட்டம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் பரோவே உதாரணம். 2018இல் அவர் பாஸில் பிடிபட்டவை 57.8 சதவீதம். மறு ஆண்டும் தலைமை கோச் எட் ஆர்ஜரான்தான். ஆனால் பாஸிங் திட்டத்துக்கு ஜோ பிரேடி வந்தார். பாஸ் பிடிக்கத் தகுதியுள்ள ஐந்து பேரையும் பாஸ் வாங்க அனுப்பும் ஆட்டம் பெருகியது. 76.3 சதவீதம்! அதற்காக எல்லாப் புகழையும் பிரேடிக்கே கொடுத்துவிட முடியாது: ரிசீவர்கள் ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவருமே அந்த ஆண்டு 1,500 யார்டைத் தாண்டினார்கள்.

கேள்வி: ஓடவே ஓடாத க்வார்ட்டர்பேக்குக்கு ஓட்டத்தில் மைனஸ் யார்டு காட்டுவது ஏன்?

பதில்: பாஸ் எறியுமுன் அவரை வீழ்த்தினால் (சாக்) இழந்த யார்டை காலேஜில் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்லில் அது அணியின் பாஸ் கணக்கில் போகும். ஆகவே காலேஜ் ஆட்டத்தில் சாக் எண்ணிக்கையைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். ரேட்டிங்கில் அது தலைகாட்டவே காட்டாது.