கேளுங்கள், சொல்கிறேன்: ஹர்லிங் ஸ்பெஷல்

கே: அயர்லாந்தில், கார்க் நகரில் இருக்கிறேன். மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் 2025 இறுதிப் போட்டியில் எங்கள் அணி தோற்றதற்கு நடுவர்தான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். அப்படியா?

ப: அதற்குள் ‘எங்கள் அணி’யா! சரி. கார்க் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், மறுக்கவில்லை. ஆனால் இடைவேளையில் 6 புள்ளி முன்னிலையில் இருந்தவர்கள், இரண்டாம் பாதி முழுக்க எடுத்தது 2 புள்ளி. எதிரணியான டிப்பரரியோ அதே நேரத்தில் 3 கோல், 14 புள்ளி. ஒரு கோலுக்கு 3 புள்ளி. கூட்டிப் பாருங்கள், 23! நடுவர் பாவம், விட்டுவிடுங்கள்.

கே: மகன் ஹர்லிங் பழகப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

ப: 2010 முதல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். முகத்துக்குக் கம்பி வலையும் உண்டு. நான் அந்தப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளே தக்கை, மேலே தோல், தையல் ஓரம் வரப்பு மாதிரி புடைத்திருக்கும். நூறு கிராம் சொச்சம்தான், ஆனால் கல் போல இருக்கிறது. அதனால் தலையைவிட விரல்களுக்குத்தான் நான் பயப்படுவேன். பையனுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

கே: போட்டியைப் பார்க்கக் காசு கேட்பது நியாயமா?

ப: ஆடுகிறவர்களுக்குச் சம்பளமே கிடையாது, பார்க்கிறவர்களுக்கு மட்டும் கட்டணமா என்ற கோபம் எனக்கும் உண்டு. வெளிநாட்டு ரசிகர்கள் இணையத்தில் போட்டிகளைப் பார்க்க 2014-இல் வந்த ஜிஏஏகோ என்ற சேவை, 2023-இல் உள்நாட்டுக்காரர்களிடமும் காசு கேட்டது. 2025-இல் ஜிஏஏ பிளஸ் என்று பெயர் மாறியது. இறுதிப் போட்டியை அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ-யில் பார்க்கலாம். இலவசம்தான், வீட்டில் தொலைக்காட்சி வைத்திருக்க ஆண்டுக்கு 160 யூரோ உரிமக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!