தெற்கு சூடான்: விடுதலைக்குப் பிறகு வந்த போர் (கேள்வி பதில்)

மீனா, கரூர்: 2011இல் விடுதலை, 2013இல் உள்நாட்டுப் போர். அதற்குள் எப்படி சார் அடித்துக்கொண்டார்கள்?

2011 ஜனவரி வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கு மேல் பிரிந்து போகவே வாக்களித்தார்கள். ஜூலை 9 அன்று கொடி ஏறியது. ஆனால் அந்த ஒற்றுமை கார்ட்டூமில் இருந்த சூடான் அரசுக்கு எதிரான ஒற்றுமை மட்டும்தான்.

கதையை 2006இலிருந்து பார்க்க வேண்டும். தெற்கில் கார்ட்டூமின் காசில் இயங்கிய ஆயுதக் குழுக்கள் பல இருந்தன. அவற்றோடு மோதுவதைவிடச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்தார் தெற்கின் தலைவர் சல்வா கீர், பின்னாளில் நாட்டின் அதிபர். ஆனால் குழுக்களைக் கலைத்துவிட்டுச் சேர்க்கவில்லை. தளபதி, ஆட்கள், விசுவாசம் எல்லாம் அப்படியே உள்ளே வந்தன. எண்ணெய்க் காசு வரும்வரை சரி. 2012 ஜனவரியில் குழாய்க் கட்டணத் தகராறில் தெற்கு சூடான் தன் எண்ணெய்க் கிணறுகளைத் தானே மூடியது. கடலுக்குப் போகும் குழாய் சூடான் வழியாகத்தானே போகிறது! அரசு வருமானம் அநேகமாக முழுவதும் எண்ணெய்தான், கஜானா காலி. அதே ஆண்டு, காணாமல் போன சுமார் 400 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொல்லி இந்நாள், முன்னாள் அதிகாரிகள் 75 பேருக்குக் கீர் கடிதம் எழுதினார். திருப்பித் தந்தால் மன்னிப்பு உண்டாம்.

இளங்கோ, மதுரை: டிங்கா, நூயர் இனங்களின் பரம்பரைப் பகை என்று படித்தேன். சரியா?

பாதிகூடச் சரியில்லை. இரண்டும் மாடு மேய்க்கும் மக்கள், மொழிகளும் உறவு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. மேய்ச்சல் சண்டை எப்போதும் இருந்தது, அது வேறு.

கீர் டிங்கா, 2013 ஜூலையில் அவர் பதவிநீக்கிய துணை அதிபர் ரியெக் மச்சார் நூயர். ஆனால் டிசம்பரில் கீரின் ராணுவத் தலைமைத் தளபதி ஒரு நூயர். மச்சார் பக்கம் நின்று கீரை விமர்சித்த ரெபெக்கா நியாந்தெங், விடுதலை இயக்கத்தின் மறைந்த தலைவர் ஜான் கராங்கின் மனைவி, டிங்கா. இதை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

பயம் மட்டும் உண்மை. 1991இல் மச்சார் கராங்கிடமிருந்து பிரிந்தபோது, அவரது படையினர் ‘போர்’ (Bor) என்ற ஊரின் பகுதியில் டிங்காக்களைக் கொன்று குவித்தார்கள். பின்னாளில் அவர் மன்னிப்பும் கேட்டார். அந்த நினைவைக் கிளறுவது எளிது.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: அந்த டிசம்பரில் உண்மையில் நடந்தது என்ன?

2013 டிசம்பர் 15 இரவு தலைநகர் ஜூபாவில், அதிபரின் காவல்படைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு. யார் முதலில் சுட்டது என்று இன்றும் இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டும். அதற்கப்புறம் நடந்ததில் சந்தேகமில்லை. படையினர் வீடு வீடாக நூயர்களைத் தேடினார்கள். நூயர் ஆண்களுக்கு வயதுவந்தபின் நெற்றியில் ஆறு கோடுகள் கீறுவது வழக்கம். பெருமைக்காகப் போட்ட கோடு, சாவுக்கு அடையாளமானது. நெற்றி சுத்தமாக இருந்தால் டிங்கா மொழியில் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். குடேலே பகுதியில் காவல்துறைக் கட்டடம் ஒன்றில் 200க்கு மேற்பட்ட நூயர் ஆண்களை அடைத்து, ஜன்னல் வழியாகச் சுட்டார்கள்.

செய்தி பரவியதும் நூயர் வீரர்கள் கட்சி மாறிப் பதிலடி கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் பெந்தியு நகரில் மசூதியிலும் மருத்துவமனையிலும் ஒதுங்கியவர்களைக் கொன்றது மச்சார் தரப்பு. உள்ளூர் வானொலியில் வெறுப்புப் பேச்சு வேறு. 2018 வரை சண்டையிலும் பசி, நோயிலுமாக சுமார் 3,80,000 பேர் கூடுதலாக இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சரவணன், ஓசூர்: மாட்டுக்காகவா இத்தனை உயிர்?

அங்கே பெண் எடுக்க மாடு கொடுக்க வேண்டும். மாடில்லாத இளைஞனுக்குக் கல்யாணமில்லை, அதனால் கொள்ளை. முன்பு ஈட்டி, இப்போது கலாஷ்னிகோவ் துப்பாக்கி. அரசியல்வாதிகளுக்கு இந்த இளைஞர்களே தயார்நிலைப் படை.

ஜோசப், நாகர்கோவில்: இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

எண்ணெய் வயல்களில் ஓஎன்ஜிசி விதேஷுக்குப் பங்குண்டு. ஐநா அமைதிப்படையில் நம் வீரர்கள் இருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் ஜோங்லெய் மாநிலத்தில் பதுங்கித் தாக்கியதில் அவர்களில் ஐவர் இறந்தனர். 2016 ஜூலையில் ஜூபாவில் மறுபடி சண்டை வந்தபோது விமானப்படை விமானம் இந்தியர்களை மீட்டுவந்து முதலில் திருவனந்தபுரத்தில்தான் இறங்கியது.

மீனா, கரூர்: இன்னொரு கேள்வி. இப்போது அமைதியா?

2018இல் ஒப்பந்தம், 2020இல் மச்சார் மறுபடி துணை அதிபர். 2025 மார்ச்சில் அவருக்கு வீட்டுக்காவல், செப்டம்பரில் அவர்மீதே கொலை, தேசத்துரோகக் குற்றச்சாட்டுகளில் வழக்கு. தேர்தல் தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்குப் போயிருக்கிறது. விடுதலைக்குப் பிறகு அந்த நாட்டில் இதுவரை ஒரு பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை.