மாங்குளத்தில் இன்னும் இரண்டு அறை கட்டலாமா?

கேள்வி: மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு அறைகளைப் பயணிகளுக்குக் கொடுத்து வருகிறோம். நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கூடிவிட்டார்கள் என்கிறார்கள். 20 இலட்சம் ரூபா கடன் எடுத்து மேலும் இரண்டு அறை கட்டலாமா?

பதில்: கூடியது உண்மைதான். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அது நாட்டுக்குள் வந்தவர்களின் கணக்கு. மாங்குளத்தில் இரவு தங்கியவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. கொழும்பிலிருந்து வான் பிடித்து வரும் குடும்பம் அதில் இல்லவே இல்லை.

கடனிலிருந்து தொடங்குவோம். 20 இலட்சத்தை 14 வீத வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 46,500 ரூபா. அறை வாடகை 6,000 என்று வையுங்கள். முன்பதிவுத் தளத்தின் தரகு 15 வீதம் என்றால் 900 போகும். காலைச் சாப்பாடு, துணி துவைப்பு, கரண்ட் எல்லாமாக 1,600. மிச்சம் 3,500. தவணையை மட்டும் கட்ட வருடத்துக்கு 160 அறை-இரவுகள் வேண்டும் (ஒரு அறை ஒரு இரவுக்குப் போனால் ஒரு அறை-இரவு). இந்த 160உம் இப்போதுள்ள இரண்டு அறைகளும் நிரம்பிய பிறகு வரவேண்டியவை. பழைய அறை ஒன்று வெறுமையாய்க் கிடக்கும் இரவில் புது அறை ஒரு சதமும் உழைக்காது. பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்: ஓகஸ்டில் நாலு பேரைத் திருப்பி அனுப்பிய கவலையில் கட்டத் தொடங்கி, நவம்பரில் தவணைக்குக் காசு தேடுகிறார்கள்.

ஆகவே ஒரு கொப்பி போடுங்கள். திகதி, கொடுத்த அறைகள், இடமில்லை என்று திருப்பியவர்கள், அவர்கள் யார், எத்தனை அறை எத்தனை இரவுக்குக் கேட்டார்கள், எத்தனை நாள் முன்பு கேட்டார்கள். தொலைபேசியில் கேட்டவர்களையும் எழுதுங்கள். விலை கேட்டுவிட்டு வைத்தவர்களைச் சேர்க்க வேண்டாம். முழுதாக 12 மாதம் எழுதவேண்டும், ஏனெனில் எங்கள் பருவம் நாட்டின் பருவத்தோடு ஒத்துப்போகாது. வெளிநாட்டவர் டிசம்பரில் கூடுகிறார்கள். எங்கள் வன்னியில் அது மாரி. எங்கள் கூட்டம் யூலை, ஓகஸ்ட்: புலம்பெயர்ந்த உறவுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூர்க் கொடியேற்றம், ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. அந்தக் கூட்டத்திலும் மடுவுக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி அங்கேயே கூடாரமடித்துத் தங்கும். நல்லூருக்குப் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு இருட்டுமுன் யாழ்ப்பாணம் சேரப் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு வேண்டியது கட்டில் அல்ல; சுத்தமான கழிப்பறை, நிழலில் வாகனம் விட இடம், நல்ல தேநீர். பெண்களுக்குத் தனியாக ஒன்று சேர்த்து இரண்டு கழிப்பறை கட்டுவதற்கு அறைகளின் செலவில் ஒரு பங்குதான் போகும். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கல்நீரானால் குழாய் வாயிலும் சுடுநீர்க் கருவியிலும் வெள்ளைப் படிவு கட்டும். மாதம் ஒருமுறை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

வார நாட்களில் வரும் பொறியியலாளர், கண்ணிவெடி அகற்றுவோர், திட்ட அலுவலர்கள்தான் நிலையான வரும்படி. மேசை, வைஃபை, இராச்சாப்பாடு, முறையான பற்றுச்சீட்டு இருந்தால் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்களின் திட்டம் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டே கடனில் கையெழுத்திடுங்கள்.

கையில் காசு இறுகும்போது மக்கள் பயணத்தை உடனே நிறுத்துவதில்லை. மூன்று இரவை ஒன்றாக்குவார்கள், இரண்டு குடும்பம் ஒரே அறை கேட்கும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள், கடைசி நேரத்தில் பதிவார்கள். போன ஓகஸ்டுக்கு மூன்று கிழமை முன்பே கேட்டவர்கள் இம்முறை மூன்று நாள் முன்புதான் கேட்கிறார்கள் என்றால் விலையை ஏற்றாதீர்கள். மே மாதத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடும் வான்காரரிடம் விசாரியுங்கள்; விமானச் சீட்டு எடுத்தவர்கள் அப்போதே வானுக்குச் சொல்லிவைக்கத் தொடங்கிவிடுவார்கள். உள்ளூரவர் கைச்செலவுக்குக் காலபோக (மாரிக்கால நெல்) அறுவடையும் நெல் விலையும் பார்த்தால் போதும்.

வருட முடிவில் கொப்பியில் திருப்பிய அறை-இரவுகள் 160ஐத் தாண்டியிருந்தால் கட்டுங்கள். 80க்குக் கீழென்றால் வேண்டாம். இடையில் நின்றால் அத்திவாரத்தை இரண்டு அறைக்கும் போட்டு, ஒன்றை மட்டும் எழுப்புங்கள்.