தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மறுபடி டைவிங் போகலாமா?

தைராய்டு கோளாறு என்று தெரிந்த பிறகு ஸ்கூபா டைவிங்குக்குத் திரும்புவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரும் ஸ்கூபா பயிற்றுநரும் சேர்ந்து பதில் அளிக்கிறார்கள்.

எனக்கு 38 வயது. டைவிங் பயிற்சியில் இரண்டாம் நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் வரை முடித்திருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஹைப்போதைராய்டு (தைராய்டு ஹார்மோன் குறைவு) என்றார்கள், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 18 இருந்தது. தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிடுகிறேன். இப்போது உடம்பு பரவாயில்லை. டிசம்பரில் அந்தமானில் உள்ள ஹாவ்லாக் தீவுக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று. டைவ் பண்ணலாமா?
– வாசகி, கோவை

தைராய்டு வந்தவர் டைவ் பண்ணவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் 'பரவாயில்லை' என்ற நினைப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் ஓர் அளவைத் தொடங்கினாலும் மாற்றினாலும் ரத்தத்தில் அது நிலைக்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். அடுத்த டி.எஸ்.எச். பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்வது இதனால்தான். உங்களுக்கு இப்போது அந்தப் பரிசோதனைக்கான நேரம். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் 75-ஐ 100 ஆக்கினால், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாத்திரை அளவு மாறாமல் அடுத்தடுத்து இரண்டு முறை டி.எஸ்.எச். வரம்புக்குள் (பெரும்பாலான லேப்களில் சுமார் 0.4 முதல் 4 வரை) வந்த பிறகு கடலில் இறங்குவதே எங்கள் சிபாரிசு. ஒரே ஒரு நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ரிப்போர்ட் சரியாகிவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்தது. தசை பலம், மூச்சுத் தெம்பு, கெட்ட கொழுப்பு இதெல்லாம் ஹார்மோனுக்குப் பின்னால் மெதுவாகத்தான் சரியாகும். டைவிங் சென்டர்களில் தரும் சர்வதேச மருத்துவப் படிவமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்க முடிகிறதா, 200 மீட்டரை நிற்காமல் நீந்த முடிகிறதா? வீட்டிலிருந்தே சோதித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று முடியாமல் போனாலும் டிக்கெட் தேதியைத் தள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் இதய நோய் ஏதாவது இருந்தால், அல்லது வயது 40-ஐத் தாண்டியிருந்தால், டிரெட்மில் டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வேகமும் ஏற்றமும் 3 நிமிடத்துக்கு ஒரு முறை கூடும் புரூஸ் முறையில் மூன்றாம் கட்டத்தை, அதாவது 9 நிமிடத்தை, நெஞ்சு வலியும் இ.சி.ஜி. மாற்றமும் இல்லாமல் முடித்தால் ஏறத்தாழ 10 மெட்ஸ் (சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல் 10 மடங்கு) உழைப்புக்கு இதயம் ஈடுகொடுக்கிறது என்று பொருள். மூச்சு வாங்கல், கால் வீக்கம் இருந்தால் எக்கோவும் (இதய ஸ்கேன்) வேண்டும். சிகிச்சை இல்லாத ஹைப்போதைராய்டில் இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பது உண்டு.

அடுத்தது, நீரில் அமிழ்வதற்காகக் கட்டும் ஈயக்கட்டி. நோய் வந்தபோது எடை கூடியிருக்கும், மருந்தில் கொஞ்சம் குறைந்திருக்கும். பழைய லாக் புக்கில் (டைவ் குறிப்பேட்டில்) 6 கிலோ என்று எழுதியிருப்பதை நம்பிக் கட்டாதீர்கள். முழு உபகரணத்தோடு ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் நின்று, பி.சி.டி.யில் (காற்று நிரப்பி மிதக்க உதவும் மேலங்கியில்) காற்றை முழுக்க வெளியேற்றி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். அலுமினியம் சிலிண்டரில் டைவ் முடிவதற்குள் சுமார் 2 கிலோ காற்று தீர்ந்து, சிலிண்டர் அந்த அளவு லேசாகும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் அந்த 2 கிலோவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் சில நிமிடம் நிற்கும் கடைசி சேஃப்டி ஸ்டாப்பில் நிற்க முடியாமல் மேலே தூக்கிவிடும்.

குளிரை அலட்சியம் பண்ணாதீர்கள். அந்தமான் தண்ணீர் 28 டிகிரி என்று நண்பர்கள் ஷார்ட்ஸில் இறங்குவார்கள். நீங்கள் அப்படி வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். 3 மில்லிமீட்டர் முழு வெட்சூட்டும், உள்ளே தொப்பி வைத்த வெஸ்ட்டும் போடுங்கள். அந்த ரப்பர் மிதக்கும் என்பதால் ஈயம் ஒரு கிலோ வரை கூடலாம்; மேலே சொன்ன சோதனையை அந்த உடையோடுதான் செய்ய வேண்டும். உடம்பு நடுங்கத் தொடங்கினால் சிலிண்டரில் பாதிக் காற்று (100 பார்) மிச்சம் இருந்தாலும் டைவை முடித்துவிடுங்கள். ஆழத்தில் சூடாக இருந்து, மேலே வரும்போது குளிர்ந்துபோனால் கை கால்களுக்கு ரத்த ஓட்டம் குறையும். அங்கே சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவது தாமதமாகும். அமெரிக்கக் கடற்படை நடத்திய சோதனைகளிலும் இந்த வரிசையில்தான் டீகம்ப்ரஷன் நோய் (கரைந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாவதால் வருவது) அதிகம் வந்தது.

முதல் நாள் 10 – 12 மீட்டர், நீரோட்டம் இல்லாத இடம், ஒரே ஒரு டைவ். அதற்கு முன் நீச்சல் குளத்தில் மாஸ்க் நீர் வெளியேற்றுவதையும் ரெகுலேட்டரை (வாயில் வைத்து மூச்சுவிடும் கருவி) தேடி எடுப்பதையும் ஒரு முறை செய்துவிடுங்கள்.

படகு காலை 6.30-க்குக் கிளம்பிவிடும். வெறும் வயிற்று மாத்திரையை எப்போது போடுவது?
– வாசகர், புதுச்சேரி

எழுந்தவுடன் 5 மணிக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, 5.45 அல்லது 6 மணிக்கு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். காபி கொஞ்சம் பொறுக்கட்டும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் சரிவராது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் டைவை ரத்து பண்ண வேண்டியதில்லை. பாட்டிலைப் படகின் தளத்தில் வெயிலில் வைக்காதீர்கள். சூடும் ஈரப்பதமும் தைராக்ஸினைக் கெடுக்கும்.

குமட்டலுக்கு அவோமின் போடுபவர்களும் கவனியுங்கள். அதன் தூக்க மயக்கம் ஆழத்தில் நைட்ரஜன் தரும் மந்தத்தோடு சேர்ந்துகொள்ளும். கரையில் ஒரு நாள் போட்டுப் பார்க்காமல் டைவ் நாளில் முதல்முறையாகப் போடாதீர்கள்.

ஹைப்போதைராய்டு வந்ததிலிருந்து விரல்கள் மரத்துப்போகின்றன. டைவ் முடித்து வந்து மரத்தால் அது தைராய்டா, டீகம்ப்ரஷன் நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருகோணமலை

தைராய்டு குறையும்போது மணிக்கட்டுக் குகையில் திசு வீங்கி நரம்பை அழுத்துவது சகஜம். அப்போது மரப்பது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலின் பாதி. சுண்டு விரல் தப்பித்துவிடும். இரவில் கூடும், கையை உதறினால் குறையும். ரெகுலேட்டரும் கேமராவும் பிடித்து மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால் டைவுக்குப் பிறகும் இது வரும்.

டீகம்ப்ரஷன் நோய் இப்படி ஒழுங்காக வராது. மேலே வந்த சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள், ஒரு கை முழுக்க, அல்லது இரண்டு காலிலும், திட்டுத் திட்டாக மரக்கும். தோள் அல்லது முழங்கை ஆழமாக வலிக்கும். தோலில் செந்நீலத் திட்டு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் இறங்காமை, வழக்கமில்லாத அசதி இவற்றில் எதுவும் கூட வரலாம்.

டைவுக்கு முந்தைய நாளே எந்த விரல், எப்போது, எவ்வளவு நேரம் மரக்கிறது என்று லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதி, கூட வரும் பார்ட்னரிடமும் காட்டிவிடுங்கள். எழுதியதிலிருந்து இடமோ தன்மையோ சற்றே மாறினாலும் 'தைராய்டுதான்' என்று உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். படுக்க வைத்து, பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்து, ரீகம்ப்ரஷன் சேம்பர் (உயர் அழுத்த சிகிச்சை அறை) உள்ள மருத்துவமனையோடு பேசச் சொல்லுங்கள். மறுபடி தண்ணீரில் இறங்கிப் 'பார்க்கிற' வேலை வேண்டாம். அடிக்கடி மரக்கும் நிலையில் இருக்கிறீர்கள் என்றால் அது அடங்கும்வரை டைவிங்கைத் தள்ளிவைப்பதே நல்லது. குழப்பும் அறிகுறியோடு இறங்கினால் பரிசோதிக்கிற டாக்டரும் குழம்புவார்.

மருந்தில் கட்டுக்குள் இருக்கும் ஹைப்போதைராய்டு டீகம்ப்ரஷன் நோயைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எனக்கு ஹைப்பர் தைராய்டு (ஹார்மோன் அதிகம் சுரப்பது), காரணம் கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோலும், புரொப்ரனலாலும் சாப்பிடுகிறேன். படபடப்பு நின்றுவிட்டது. நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டிய காற்றில்) டைவ் பண்ணலாமா?
– வாசகர், சென்னை

இப்போது வேண்டாம். படபடப்பை நிறுத்தியது புரொப்ரனலால்; நோய் அடங்கியது என்று அதற்குப் பொருள் இல்லை. உழைப்பு கூடும்போது இதயத் துடிப்பு ஏறவிடாமல் அந்த மருந்து பிடித்துக்கொள்ளும். எதிர் நீரோட்டத்தில் நீந்த வேண்டி வந்தால் கால் ஓய்ந்துபோகும். மூச்சுக்குழலையும் அது சுருக்கலாம். நீரில் மூழ்கியிருக்கும்போது நுரையீரலில் நீர் கோர்ப்பதோடும் இந்த வகை மருந்துகளுக்குத் தொடர்பு சொல்லப்படுகிறது. டி3, டி4 (தைராய்டு ஹார்மோன்கள்) இயல்பாகி, புரொப்ரனலால் நின்று, துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று இ.சி.ஜி.யும் சொன்ன பிறகு டைவிங் பேச்சை எடுக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) வந்திருந்தால் இதய மருத்துவர் கருத்து இல்லாமல் டைவிங் கிடையாது.

நைட்ராக்ஸில் இன்னொரு சிக்கல். தைராய்டு ஹார்மோன் அதிகமான விலங்குகளுக்கு உயர் அழுத்த ஆக்சிஜனில் வலிப்பு சீக்கிரம் வருவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், பிறகு மூழ்குவதுதான். 32 சதவீத நைட்ராக்ஸை வழக்கமான 1.4 பார் ஆக்சிஜன் அழுத்த வரம்பில் சுமார் 33 மீட்டர் வரை கொண்டுபோவார்கள். நோய் அடங்கிய பிறகும் நீங்கள் 24 மீட்டரில் நின்றுகொண்டால் ஆக்சிஜன் அழுத்தம் 1.1-க்குள் இருக்கும்.

கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் 'கடல் தண்ணீர் ஒத்துக்கவில்லை' என்று விடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். கண் பிதுங்கியிருந்தாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ அதுவும் தடைதான்; பிரஷர் கேஜ் முள் இரண்டாகத் தெரிகிறவர் இறங்கக்கூடாது.

தைராய்டு முழுவதையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். எத்தனை நாள் கழித்து இறங்கலாம்?
– வாசகி, மதுரை

தையல் ஆறி, சர்ஜன் சரி என்று சொல்ல 6 முதல் 8 வாரமாவது ஆகும். அதற்குள் வேறு மூன்று விஷயம் பாருங்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குத்தல் இருந்தால் கால்சியம் குறைந்திருக்கிறது. அது சரியாகாமல் இறங்கினால் தசைப்பிடிப்பு நீருக்கடியில் வரும். குரல் கரகரத்தால் குரல்வளையை எண்டோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் குரல் நாண் அசையாவிட்டால் நீர் உள்ளே போனால் இருமித் தள்ளும் சக்தி குறைவு. புற்றுநோய்க்காக எடுத்திருந்தால், தைராக்ஸினைக் கூட்டி டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே தாழ்வாக வைப்பதுண்டு. அப்படியானால் உங்களுக்கும் மேலே சென்னை வாசகருக்குச் சொன்ன துடிப்பு, நைட்ராக்ஸ் எச்சரிக்கை பொருந்தும். வெட்சூட் கழுத்து இறுக்கமாக இருக்கக்கூடாது.

கடல் நீரில் அயோடின் இருக்கிறதே, தைராய்டை ஏற்றுமா?
– வாசகர், தூத்துக்குடி

ஒரு லிட்டர் கடல் நீரிலேயே சுமார் 60 மைக்ரோகிராம்தான். ஒரு நாள் தேவை 150. இரண்டு வாய் விழுங்கினால் உப்புதான் கரிக்கும்.

படிவத்தில் 'தைராய்டு' என்று எழுதினால் டைவ் மறுக்கிறார்கள். மறைத்தால் என்ன?
– வாசகர், திருச்சி

டாக்டர் சீட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றதும் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், அவ்வளவுதான். மறுப்பது, கையெழுத்து இல்லாமல் போவதால். சமீபத்திய ரிப்போர்ட், மாத்திரை அளவு, மாறாமல் எத்தனை வாரம், நடை – நீச்சல் சோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுபோங்கள். தைராய்டு டாக்டருக்கு டைவிங் தெரியாது என்றால், படிவத்தோடு வரும் மருத்துவர் வழிகாட்டியையும் அச்செடுத்துக் கொடுங்கள். மறைத்தால், சேம்பரில் படுத்திருக்கும்போது டாக்டருக்கு முக்கியமான தகவல் ஒன்று இருக்காது. இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம்.

பயணத்துக்கு முன் பார்த்த ரத்தத்தில் டி.எஸ்.எச். 0.1, டி4 அதிகம். மாத்திரை அதே அளவுதான். முடி கொட்டுகிறது என்று ஒரு மாதமாக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறேன்.
– வாசகி, சேலம்

பயோட்டின்தான் முதல் சந்தேகம். பல லேப்களின் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். குறைந்தது 2 நாள், அதிக அளவு சாப்பிட்டிருந்தால் இன்னும் சில நாள் நிறுத்திவிட்டு, அதே லேபில் மறுபடி பாருங்கள். அந்த ரிசல்ட் வரும்வரை தைராக்ஸினைக் குறைக்கவும் வேண்டாம், டைவும் வேண்டாம்.